லேசி பீற்றர்சன் வழக்கில் தடயங்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன?

யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, லேசி பீற்றர்சன் கொலை வழக்கில் இரத்தம் இல்லை, ஆயுதம் இல்லை, எப்படிச் செத்தார் என்பதே தெரியாது. படகில் கிடந்த ஒரு தலைமுடி மட்டும்தான். வயிற்றுப் பிள்ளையின் எலும்பைப் பார்த்தால், தாய் காணாமற்போன பிறகும் பிள்ளை சில நாள் உயிரோடு இருந்திருக்கிறதாம். பிறகு எப்படிக் கணவனைக் குற்றவாளி ஆக்கினார்கள்? இதே வழக்கு இங்கே நடந்திருந்தால் நின்றிருக்குமா?”

நான் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தரப்புக்காக நிற்கிறவன். ஆகையால் இந்த வழக்கை முதலில் வாசித்தபோது ஓட்டை தேடித்தான் வாசித்தேன். ஓட்டைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்தத் தலைமுடியை இன்றைக்கே தூக்கிக் குப்பையில் போட்டாலும் வழக்கு நிற்கும் என்பதுதான் என் அபிப்பிராயம். “கொன்றது யார்?” என்று இந்த வழக்கின் தடயங்களில் எதைக் கேட்டாலும் பதில் வராது. “வேறு என்ன நடந்திருக்கலாம்?” என்று கேட்டு, அந்த வேறு கதைகளை ஒவ்வொன்றாக எது அடைக்கிறது என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் சில தடயங்கள் ஊதிப் பெருப்பித்தவை என்று தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்றிரண்டுதான் முழுப் பாரத்தையும் சுமக்கின்றன.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேசி கலிபோர்ணியாவின் மொடெஸ்ரோ நகரைச் சேர்ந்தவர், வயது 27, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. 2002 டிசெம்பர் 24 அன்று காணாமற்போனார். அன்று காலை தான் தனியாக மீன்பிடிக்கப் போனதாகக் கணவன் ஸ்கொட் சொன்னார். போன இடம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள பேர்க்லி படகுத்துறை. வீட்டிலிருந்து ஏறக்குறைய 145 கிலோமீற்றர், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகிற தூரம். 2003 ஏப்ரல் 13 அன்று பிள்ளையின் உடலும் மறுநாள் தாயின் உடலும் அதே விரிகுடாவின் ரிச்மண்ட் கரையில் ஒதுங்கின. ஏப்ரல் 18 அன்று ஸ்கொட் கைதானார். 2004 நவம்பர் 12 அன்று யூரிமார் அவரைக் குற்றவாளி எனக் கண்டார்கள்: தாயைக் கொன்றதற்கு முதற்தரக் கொலை, பிள்ளையைக் கொன்றதற்கு இரண்டாந்தரக் கொலை. 2005இல் மரணதண்டனை. யூரிமாரைத் தெரிவு செய்த முறையில் பிழை நடந்தது என்று 2020 ஓகஸ்டில் கலிபோர்ணிய உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது, குற்றத்தீர்ப்பில் கைவைக்கவில்லை. 2021 டிசெம்பரில் அது பரோல் இல்லாத ஆயுள் சிறையானது. தான் செய்யவில்லை என்றுதான் அவர் இன்றுவரை சொல்கிறார்.

சரி, தலைமுடிக்கு வருவோம்.

படகுக்குள் கிடந்த ஒரு குறட்டின் வாயில் அது சிக்கியிருந்தது. வேர் இல்லாத முடி. வேர் இல்லாவிட்டால் வழக்கமான டி.என்.ஏ. கிடைப்பது அரிது. அதனால் தாய்வழியாக மட்டும் வருகிற மைற்றோகொண்ட்ரிய டி.என்.ஏ.யைப் பார்த்தார்கள். லேசியின் தாயாரின் மாதிரியோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. ஆனால் அம்மம்மா, அம்மா, சகோதரங்கள், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒன்றேதான். உறவே இல்லாத ஆட்களிலும் அதே வரிசை உள்ளவர்கள் இருப்பார்கள். ஆக “இது லேசியின் முடி” என்று அது சொல்லாது, “லேசியின் முடியாக இருக்கலாம்” என்பதோடு நின்றுவிடும்.

அவருடைய முடிதான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே கட்டிலில் படுக்கிற மனிசியின் முடி புருசனின் சேட்டில் ஒட்டி எங்கேயும் போகும். அரச தரப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது: அந்தப் படகை டிசெம்பர் 9 அன்றுதான் வாங்கினார், மனைவிக்கு அது தெரியவே தெரியாது. தெரியாத படகில் அவருடைய முடி எப்படி என்பது வாதம். ஆனால் சேட்டில் ஒட்டிப்போன முடிக்குப் படகு வாங்கிய கதை தெரியத் தேவையில்லையே! போதாக்குறைக்கு, ஒரு முடி என்று எழுதி உறையில் இட்டது பிறகு திறந்தபோது இரண்டு துண்டாக இருந்தது. எங்கள் மேல் நீதிமன்றத்தில் ஒரு நல்ல சட்டத்தரணி இந்த ஒரு விசயத்திலேயே பொலிஸ்காரரை மத்தியானம் வரை கூண்டில் நிற்கவைத்திருப்பார். என் கணக்கில் தலைமுடிக்குப் பெறுமதி பூச்சியத்துக்குச் சற்று மேலே.

மோப்ப நாய்க்கும் அதே கதிதான். படகுத்துறையில் லேசியின் வாசனையைத் தொடர்ந்து போய் நாய் இறங்குதுறை முனையில் நின்றதாம். நான்கு நாள் கழித்து, காற்றும் ஆட்களும் உலாவுகிற ஒரு பொது இடத்தில். நாய்ச் சாட்சியங்கள் சிலவற்றை நீதிபதியே தள்ளிவிட்டார், இதை மட்டும் அனுமதித்தார். நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. வேறு சான்று இருந்தால் கூடச் சேர்த்துப் பார்க்கலாம், தனியே நிறுத்தக்கூடாது.

இனி எலும்பு. தம்பியின் கேள்வியில் உண்மையான கனம் இருப்பது இங்கேதான். 24ஆம் திகதி பின்னேரத்திலிருந்து ஸ்கொட்டைச் சுற்றிப் பொலிஸும் சொந்தக்காரரும் தேடுகிற ஆட்களும் இருந்தார்கள். பிள்ளை 26, 27 வரை வயிற்றில் உயிரோடு வளர்ந்தது என்று காட்டமுடிந்தால், தாயும் அதுவரை உயிரோடு எங்கோ இருந்திருக்கிறார். அப்போது வழக்கு அதோடு சரி. வேறெந்தத் தடயத்துக்கும் தனியே நின்று அவரை விடுவிக்கிற பலம் இல்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பிரசவ திகதி 2003 பெப்ரவரி 10 என்று குறித்திருந்தார்கள். டிசெம்பர் 24இலிருந்து அதற்கு 48 நாள். நாற்பது வாரம் என்பது 280 நாள். கழித்தால் 232 நாள், அதாவது 33 வாரமும் ஒரு நாளும். காணாமற்போன அன்று பிள்ளையின் வயது அது. உடல் கிடைத்தபின் எலும்புகளை அளந்த மானிடவியல் நிபுணர் கொடுத்த வீச்சு 33 முதல் 38 வாரம். டிசெம்பர் 24 அந்த வீச்சின் தொடக்க நுனியில் நிற்கிறது. நுனியில் நிற்கிறதே என்று எதிரி தரப்பு சொன்னது நியாயம்தான். வெளியே விழவில்லையே என்று அரச தரப்பு சொன்னதும் நியாயம்தான்.

இரண்டு தரப்பும் அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிற்கவில்லை. அரச தரப்பு அழைத்த மகப்பேற்று மருத்துவர், கர்ப்ப காலத்தில் எடுத்த ஸ்கானையும் தொடையெலும்பு நீளத்தையும் வைத்து டிசெம்பர் 23ஐ ஒட்டிய திகதியைச் சொன்னார். எதிரி தரப்பு மருத்துவர் டிசெம்பர் 29க்கு முந்தியிருக்கவே முடியாது என்றார். இடையில் ஆறு நாள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தொடையெலும்பு வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் வளரும். ஆறு நாள் என்றால் இரண்டு மில்லிமீற்றரும் வராது. அதாவது, 110 நாள் கழித்துக் கரையொதுங்கிய ஒரு பிள்ளையின் எலும்பில், பள்ளிக்கூட அடிமட்டத்தின் இரண்டு சின்னக் கோட்டுக்குள்ளே ஒரு மனிதனின் உயிரைத் தொங்கவிட்டார்கள்.

ஸ்கான் எடுக்கிற மருத்துவரிடமோ, உங்கள் ஊர் மிட்வைஃபிடமோ கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கானில் வயது ஐந்து ஏழு நாள் முன்பின்னாக வரும். 28 வாரம் தாண்டிய பிறகு எடுத்தால் மூன்று வாரம் வரைகூடப் பிசகும், ஏனென்றால் அந்த நேரம் சில பிள்ளைகள் பெரிது, சில சிறிது. அதனால்தான் எங்கள் கிளினிக்கில் எச் 512 என்கிற கர்ப்பிணி அட்டையில் கடைசி மாதவிடாய் திகதியை முதல் வருகையிலேயே கேட்டு எழுதிவைக்கிறார்கள். கடைசி ஸ்கான் வேறு திகதி காட்டினாலும் முதலில் போட்ட பிரசவ திகதியை இலேசில் மாற்றமாட்டார்கள். உயிரோடுள்ள பிள்ளையிலேயே நிலைமை இது. எலும்பு நீளத்திலிருந்து வயதைக் கணிக்கிற வாய்ப்பாடுகள் எல்லாம் ஸ்கான் திரையில் அளந்த நீளத்தை வைத்து எழுதப்பட்டவை. மேசையில் வைத்து அளக்கிற எலும்புக்கு அவற்றை அப்படியே பொருத்துவதில் இன்னொரு பிசகும் சேரும்.

விசாரணையில் இந்த வாதம் எதிரி தரப்புக்குக் கைகொடுக்காமற்போனதற்குக் காரணம் விஞ்ஞானம்கூட இல்லை. அவர்களுடைய மருத்துவர் 29ஆம் திகதிக்கு வந்த வழியில், லேசி தான் கர்ப்பம் என்று ஒரு சிநேகிதிக்குச் சொன்ன நாளையும் ஆதாரமாக எடுத்திருந்தார். மருத்துவப் பதிவில் இல்லாத, யாரோ சொல்லக் கேட்ட விசயம் அது. குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்து உலுக்கியபோது மனிதர் கூண்டிலேயே தடுமாறிப்போனார். பல வருடம் கழித்துப் போட்ட மனுவில் வேறொரு நிபுணர், வேறு முறையில் கணக்கிட்டு, சனவரி முதல் வாரம் என்றார். என்னைக் கேட்டால் 23ம் சரியில்லை, 29ம் சரியில்லை, சனவரியும் சரியில்லை. எலும்பு சொல்வது “33 வாரமோ அதற்குச் சற்று மேலோ” என்பது மட்டும். அது 24ஆம் திகதியை நிரூபிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. எதிரி தரப்புக்கு விலக்கம் தேவை. அது கிடைக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. மன்னார் சதொச வளவுப் புதைகுழியில் எடுத்த எலும்புகளின் மாதிரியைப் புளோரிடாவுக்கு அனுப்பி, 2019இல் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு என்று முடிவு வந்தபோது, ஆய்வுகூடம் ஒரு வீச்சைத்தான் சொன்னது. ஊரில் எல்லோரும் தங்களுக்கு வேண்டிய தீர்ப்பை அதற்குள் வாசித்தார்கள்.

பிள்ளை பற்றிய இன்னும் இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும். பிள்ளை உயிரோடு பிறந்து பிறகு கொல்லப்பட்டதா? தாயின் கருப்பை வாய் மூடியபடி இருந்தது, வழமையான பிரசவம் நடக்கவில்லை என்றார் உடற்கூற்றுப் பரிசோதனை செய்தவர். கருப்பையின் மேற்பகுதி கடலில் சிதைந்து திறந்த பிறகே பிள்ளை வெளியே வந்திருக்கிறது. தாயின் உடலை விடப் பிள்ளையின் உடல் நல்ல நிலையில் இருந்ததற்கும் காரணம் அதுதான், அவ்வளவு காலம் கருப்பை அதை மூடி வைத்திருந்தது. அடுத்தது, கழுத்தைச் சுற்றி ஒன்றரைச் சுற்றாகக் கிடந்த பிளாஸ்டிக் நாடா. படத்தில் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அதன் கீழே தோலில் எந்த அடையாளமும் இல்லை. கடலில் மிதக்கிற குப்பை சுற்றியிருக்கலாம் என்பதை என்னால் ஏற்கமுடிகிறது, முடிச்சு ஒன்று இருந்தது என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

இப்போது பாரம் சுமக்கிற தடயத்துக்கு வருகிறேன்: உடல்கள் ஒதுங்கிய இடம். இதற்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் இதைத் தடயவியல் என்று எண்ணுவதில்லை. தன் வாயாலேயே, அன்றைக்கே, ஸ்கொட் சொன்ன இடம் அது. அந்த விரிகுடாவில் உள்ள புறூக்ஸ் தீவுக்குக் கிட்டப் படகு விட்டதாகவும் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து 145 கிலோமீற்றருக்கு அப்பால், இரண்டு உடலும் ஏறக்குறைய ஒரு மைல் இடைவெளியில், அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில் வந்து சேர்ந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நீரோட்ட நிபுணர் ஒருவர், கரையொதுங்குவதற்குச் சற்று முன் அடித்த புயற்காற்றையும் வற்றுப்பெருக்கையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டார். பிள்ளையின் உடலுக்குக் கணக்கு அந்தத் தீவுப் பக்கமே போனது. தாயின் உடலுக்கு அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை, அதை ஒளிக்காமல் சொன்னார். குருநகர், பாசையூர்ப் பக்கம் தொழிலுக்குப் போகிற யாரிடமும் கேளுங்கள், வாடையில் விழுந்தது ஒரு பக்கம் போகும், சோளகத்தில் விழுந்தது இன்னொரு பக்கம் போகும். ஆனால் பாரம் கட்டி இறக்கிய உடல் விழுந்த இடத்திலேயே கிடந்து, சிதைந்து அவிழ்ந்த பிறகுதான் அசையும். கணக்குக் குத்துமதிப்பாக இருந்தாலும், தொடங்கிய இடம் கிட்டத்தான்.

பாரம் என்றதும் சீமெந்து நினைவுக்கு வரும். ஒரு மூடைச் சீமெந்து வாங்கி, படகுக்கு எட்டு இறாத்தல் நங்கூரம் ஒன்று செய்ததாகச் சொன்னார். மிச்சத்தை வீட்டு வாசலில் கொட்டினாராம். கொட்டிய சீமெந்தும் நங்கூரச் சீமெந்தும் ஒரே சரக்கு இல்லை என்று அரச தரப்பு நிபுணர் சொன்னார். மிச்சச் சீமெந்தில் உடலுக்குப் பாரம் கட்டச் செய்ததாக அரச தரப்பு சொன்ன மற்ற நங்கூரங்கள் கடலடியில் கிடைக்கவே இல்லை. சந்தேகம் தருகிற விசயம்தான், அதற்கு மேல் இல்லை.

உடல் கிடைத்த இடத்துக்கு எதிரி தரப்பு கொடுத்த பதில்: அவர் மீன்பிடிக்கப் போன இடம் செய்தியில் வந்துவிட்டது, உண்மையான கொலையாளி அதைப் பார்த்து உடலைக் கொண்டுபோய் அங்கே போட்டு மாட்டிவிட்டான். நடக்கவே முடியாததா? முடியும். ஆனால் நடப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசியுங்கள். யாரோ ஒருவன் கர்ப்பிணிப் பெண்ணைக் கடத்திச் சில நாள் வைத்திருந்து, செய்தி பார்த்து, பொலிஸார் சுழியோடிகளோடும் படகுகளோடும் தேடத்தொடங்கிய ஒரு விரிகுடாவுக்கு உடலைக் கொண்டுபோய், யார் கண்ணிலும் படாமல் பாரம் கட்டி இறக்கவேண்டும். இந்தக் கதைக்கு உயிர் கொடுக்கக்கூடிய ஒரே சான்று பிள்ளையின் வயது. அதனால்தான் இரண்டு மில்லிமீற்றருக்கு அவ்வளவு சண்டை.

இதோடு நேரக்கணக்கையும் சேர்க்கவேண்டும். அன்று காலை 10.08க்கு ஸ்கொட்டின் கைத்தொலைபேசி வீட்டுப் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தில் பதிவாகியிருந்தது. 10.18 அளவில் அயலவர் ஒருவர் அவர்களுடைய நாய் கழுத்துவாரோடு தெருவில் தனியே திரிவதைக் கண்டு வளவுக்குள் விட்டார். ஸ்கொட் புறப்பட்ட பிறகு நாயோடு நடக்கப்போன லேசியை யாரோ கடத்தினார்கள் என்றால், அது நடக்கக் கிடைத்த நேரம் பத்து நிமிடம்.

“இரத்தம் இல்லையே” என்பது பலமான வாதம்போல் தெரியும். கழுத்தை நெரித்தாலோ மூச்சை அடைத்தாலோ இரத்தம் வரத் தேவையில்லை. தாயின் உடலில் தலையும் கைகளும் கடலோடு போய்விட்டதால், மரணத்துக்கான காரணம் சொல்ல யாராலும் முடியவில்லை. இரத்தம் இல்லாதது இரண்டு பக்கத்துக்கும் சாயாது.

2024இல் நீதிமன்றம் அனுமதித்த புதிய டி.என்.ஏ. பரிசோதனை பற்றியும் பலர் பேசுகிறார்கள். எதிரி தரப்பு கேட்டது ஒரு நீண்ட பட்டியல், அதில் கொலைக்கு மறுநாள் எரிந்த நிலையில் கிடைத்த வான் ஒன்றின் மெத்தைத் துண்டும் அடக்கம். நீதிபதி விட்டது ஒரே ஒரு பொருளை: லேசியின் காற்சட்டையில் ஒட்டியிருந்த ஒட்டுநாடா. மாதக்கணக்கில் உப்புத்தண்ணீரில் கிடந்த நாடாவில் தொட்டவரின் தோற்கலம் மிஞ்சுவது கடினம். மிஞ்சினாலும், பொதி செய்தவர், கடையில் எடுத்தவர், மீட்டவர் என்று பல கை பட்ட பொருள். பசைப் பக்கத்தில் அந்நியன் ஒருவனின் முழு விபரம் கிடைத்தால் நானே இந்தப் பதிலைத் திருத்தி எழுதுவேன். மேற்பக்கத்தில் அரைகுறையாகக் கிடைத்தால் எழுதமாட்டேன்.

இனி “இங்கே நடந்திருந்தால்?” முதலாவது, எங்கள் கடல். சான் பிரான்சிஸ்கோ விரிகுடா குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு பாகை. எங்களுடையது இருபத்தைந்துக்கு மேல். 110 நாளில் இங்கே ஒரு கருப்பை மிஞ்சியிராது. சட்ட வைத்திய அதிகாரிக்கு எலும்புகள்தான் கிடைத்திருக்கும், அவையும் சிதறி. நீதவான் உத்தரவோடு சான்றுப்பொருள் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய்த் திரும்ப எத்தனை தவணை போகும் என்பது நீதிமன்ற வாசலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, பிள்ளைக்கான கொலைக் குற்றச்சாட்டு. கலிபோர்ணியாவில் 1970இல் ஒரு வழக்கில், வயிற்றுப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் மனித உயிர் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட, அதே வருடம் சட்டமன்றம் கொலைப் பிரிவையே திருத்தியது. அந்தத் திருத்தத்தால்தான் இது இரட்டைக் கொலையாகி மரணதண்டனைக்குரிய வழக்கானது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் தாயின் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் சாவு கொலை ஆகாது. அதற்கென்று 307ஆம் பிரிவு தனியே இருக்கிறது, தண்டனை குறைவு. ஆக இங்கே கொலைக் குற்றச்சாட்டு தாய்க்கு மட்டும், 296இன் கீழ்.

மூன்றாவது, மௌனம். ஸ்கொட் சாட்சிக்கூண்டில் ஏறவில்லை. அதை யூரிமாருக்குச் சுட்டிக்காட்ட அமெரிக்க அரச தரப்புக்கு உரிமை இல்லை, 1965இல் வந்த தீர்ப்பு அது, அதுவும் ஒரு கலிபோர்ணிய வழக்கில்தான். எங்களிடமோ 1814இல் ஆங்கில நீதிபதி எலன்பரோ பிரபு சொன்னது இன்னும் மேற்கோளுக்கு வரும்: சான்று ஓரளவு பலமாக எதிரே நிற்கும்போது, விளக்கக்கூடியவன் வாய் திறக்காவிட்டால், அந்த மௌனத்தை அவனுக்கு எதிராக எடுக்கலாம். எதிரி தரப்புச் சட்டத்தரணிகள் இதோடு மல்லுக்கட்டாத வருடமில்லை. இங்கே என்றால் அவருக்கு இது நன்றாகவே இடித்திருக்கும்.

ஒரு நன்மையும் இருந்திருக்கும். அமெரிக்க யூரிமார் ‘குற்றவாளி’ என்ற ஒரு சொல்லோடு எழும்பிவிட்டார்கள். முடியை நம்பினார்களா, நாயை நம்பினார்களா, இடத்தை நம்பினார்களா என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. அவர் வைத்திருந்த கள்ளத்தொடர்பும், காணாமற்போன மனைவியைத் தேடுகிற நேரத்திலேயே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் அவிழ்த்துவிட்ட பொய்களும் எவ்வளவு வேலை செய்தன என்பதும் இல்லை. எங்கள் மேல் நீதிமன்ற நீதிபதி யூரிமார் இல்லாமல் தனியே இருந்து விளங்கினால் காரணம் எழுதவேண்டும். முடி பற்றி ஒரு பந்தி, எலும்பு பற்றி ஒரு பந்தி. மேன்முறையீட்டில் அந்தப் பந்திகளைப் பிடித்துத்தான் அடிபடுவோம்.

நின்றிருக்குமா என்றால், உடல்கள் அதே கரையில் ஒதுங்கியிருந்தால், கோபுரப் பதிவை நேரத்துக்கு எடுத்திருந்தால், நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். தீர்ப்பு மரணதண்டனையாகத்தான் வந்திருக்கும். ஆனால் 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிட்டதில்லை, ஆகவே ஸ்கொட் இங்கேயும் சிறையிலேயே இருந்து மனுப் போட்டுக்கொண்டிருப்பார்.